பாதி பறந்த கருடன்

மூன்று சீசன் கூடு பார்த்துவிட்டு இந்த வாரத்தோடு ஓய்வு பெறுகிறேன். வயது இருபத்தேழு. சிரிக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று வருடம் முப்பது வருடமாகக் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மேற்படிப்புக்கு வெளியூர் போகிறேன். நாளையிலிருந்து என் நாற்காலியில் மாற்றி மாற்றி உட்காரப் போகும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்றார் பூங்காப் பொறுப்பாளர் சார். டெலஸ்கோப்பை எப்படித் திருகுவது, நோட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பதெல்லாம் மேசையிலேயே ஒட்டியிருக்கிறது. நான் எழுதப் போவது அதில் ஒட்டாத சமாச்சாரம்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் என்னை மாதிரியே வெளிநாட்டு விராலடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து ஜோடிகளை ஃபோனில் நேரலையாகப் பார்த்து மயங்கித்தான் இந்த வேலைக்கு மனு போட்டிருப்பீர்கள். ஏரி நடுவே கம்பம், கம்பத்தின் மேல் கூடு, கூட்டுக்குள் கேமரா, உலகம் முழுக்க ரசிகர்கள். நம் கொள்ளிடத்துக்கும் விராலடிப்பான் வரும். குளிர்காலத்தில் வந்து, நல்ல மீனாகப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, சொல்லாமல் கிளம்பிவிடும். லீவுக்கு வரும் வெளிநாட்டுச் சித்தப்பா மாதிரி. வீடு, வாசல், பிள்ளைகுட்டி எல்லாம் அங்கே. இங்கே கூடு கட்டுவது செம்பருந்து ஜோடி. செங்கல் நிற உடம்பு, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. புத்தகத்தில் அது செம்பருந்து. ஸ்ரீரங்கத்தில் அது கருடன். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும் இரண்டு முட்டைகளும் செலவாயின.

முதல் முட்டையை நானே காலி செய்தேன்.

தென்னூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்த புதிது. விலங்கியல் முதுகலையில் நல்ல மார்க். வேலி தாண்டிப் போகக்கூடாது என்று பலகை இருக்கிறதே, அது பொதுமக்களுக்கு, எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், மருத மரம் ஆற்றோரப் பள்ளத்தில் நிற்கிறது. நாம் உட்காருவது உயரமான வெள்ளத் தடுப்புக் கரையில், மரத்துக்கு எதிர்ப்பக்கம், நூற்றைம்பது மீட்டர் தள்ளி. மேட்டிலிருந்து கூடு கிட்டத்தட்ட நம் கண் மட்டத்துக்கு வரும். எனக்கு அது போதவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே போனேன். பெண் பறவை எழுந்து வட்டமிட்டது. வட்டமிடும் போட்டோ அழகாக வரும் என்று பதினொன்று எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கூட்டின் விளிம்பில் ஒரு காகம் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

நோட்டில் எழுதினேன்: "முட்டை இழப்பு. காரணம்: காகம்."

பொய் இல்லை. காகம்தான் தின்றது. யார் இலை போட்டுப் பரிமாறினார்கள் என்பதைத்தான் எழுதவில்லை.

பொறுப்பாளர் சார் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அவருக்கு மேலே இருப்பவர்கள் வெகுநாளாக அந்தக் கரைத் துண்டில் ராட்டினமும் தின்பண்டக் கடையும் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடு இருக்கிறது என்று சொல்லித்தான் அவர் தள்ளிப் போட்டுவந்தார்.

"காக்கா இவ்வளவு இருக்கற எடத்துல கூடு நிக்காதும்மா," என்றார். "இன்னும் ஒரு சீசன் கேட்டு வாங்கறேன். குஞ்சு பறந்துச்சுன்னா கரை பறவைக்கு. பறக்கலேன்னா ராட்டினத்துக்கு. அதுக்கு மேல என்னால முடியாது."

சரி சார் என்று தலையாட்டினேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். அன்று திறக்காத வாயை அடுத்த வருடம் எத்தனை பேர் முன்னால் திறக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அடுத்த ஜனவரியில் ஜோடி திரும்பி வந்தது. கூட்டைச் செப்பனிட்டு இரண்டு முட்டை. நான் மேட்டை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. இந்தக் கரையைக் காப்பாற்ற ஊர் ஆதரவு வேண்டும், நாலு பேர் நம் பக்கம் நிற்க வேண்டும் என்று மண்டைக்குள் ஒரு குடைச்சல். அப்போது பார்த்து மாமா வந்தார்.

உத்திர வீதி மாமா. தினமும் காலையில் மேட்டின் மேல் கைவீசி நடப்பவர். உங்களுக்கும் அறிமுகமாவார், இன்னும் நடக்கிறார்.

"ஏம்மா, நானும் பாக்கறேன், அந்த மரத்தையே மொறைச்சுண்டு ஒக்காந்திருக்கியே. அதுல என்ன இருக்கு?"

"கருடன் கூடு மாமா."

மாமா செருப்பைக் கழற்றினார். "ஜோடியாவா?"

"ஜோடியாதான். முட்டைகூட வெச்சிருக்கு."

டெலஸ்கோப்பில் கண் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. "பெரிய திருவடி," என்று கருடாழ்வார் பெயரை முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "கைங்கர்யம்மா இது. நீ எந்தத் தெரு?"

"தென்னூர் மாமா."

"தென்னூர்ல யாராத்துப் பொண்ணு?"

"பேர் ஜெனிஃபர் மாமா."

மாமா ஒரு நிமிடம் காவேரிப் பக்கம் பார்த்து யோசித்தார். "பரவாயில்லை. யாரை எங்க ஒக்கார வெக்கணும்னு அவனுக்குத் தெரியும்," என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாலு பேருக்குச் சொல்லுங்க மாமா," என்றேன்.

மாமா நான்கு பேருக்குத்தான் சொன்னார். அந்த நான்கு பேரும் நான்கு வாட்ஸப் குழுவின் அட்மின்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு நாற்பது பேர். எட்டரைக்கு இருநூறு. துளசி மாலை, குடலையில் பூ, இடுப்பில் குழந்தை, கையில் ஃபோன். வேலியில் ஒரு இடத்தில் கம்பி தளர்ந்திருந்தது. அதன் வழியாக ஒருவர் போக, அவர் பின்னால் வீதியே போய் மரத்தடியில் நின்றது. அண்ணாந்து நின்றது.

பெண் பறவை எழுந்தது. கூட்டத்துக்கு மேலே வட்டமிட்டது, கத்திக்கொண்டே.

இங்கேதான் கவனிக்க வேண்டும். குடமுழுக்கு அன்று கருடன் வந்து வட்டமிட்டால்தான் கலசத்தில் தண்ணீர் விடுவார்கள் என்று பார்த்து வளர்ந்த கூட்டம் அது. கருடன் தலைக்கு மேல் வட்டமிடுகிறது என்றால் அதைவிட நல்ல சகுனம் வேறு என்ன இருக்கிறது? நான் படித்த படிப்பில் அந்த வட்டத்துக்கு அர்த்தம், "தயவுசெய்து போய்த்தொலையுங்கள், என் முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது." அவர்களுக்கு அது ஆசீர்வாதம். பறவை பதறப் பதறக் கூட்டம் பூரித்தது. மூன்றாவது வட்டத்தில் ஒரு மாமி அழுதேவிட்டார். பறவை எத்தனை வட்டம் போட்டதோ அத்தனை பேர் வீட்டுக்கு ஃபோன் செய்து இன்னும் ஆள் கூப்பிட்டார்கள்.

நான் கையில் பிடிக்கும் மைக்கை எடுத்தேன். அடைகாத்தல் என்றால் என்ன, முட்டைக்கு எவ்வளவு சூடு வேண்டும், தாய் எழுந்தால் கரு என்னவாகும் என்று கல்லூரியில் செமினார் எடுத்த மாதிரி ஆரம்பித்தேன். கூட்டம் அதை நேர்முக வர்ணனை என்று நினைத்துக்கொண்டது. ஒரு பெரியவர் திரும்பி, "கொஞ்சம் சத்தம் போடாம சொல்லும்மா, பகவான் சுத்திண்டிருக்கார்," என்றார். அடுத்து நான் கத்தினேன். "எல்லாரும் வெளிய போங்க." என் குரலுக்குப் பறவை இன்னும் உயரே போனதே தவிர ஒருவரும் அசையவில்லை.

மாமா வேர்த்துப்போய் வந்தார். "நாலு பேருக்குத்தாம்மா சொன்னேன்."

அப்போதுதான் டிக்கெட் கவுன்டர் அக்கா ஷட்டரை இறக்கிவிட்டு வந்தாள். அவள் பெயரை எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. முசிறிக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பறவை என்றால் அவளுக்குக் கோழிகூடப் பயம். இங்கே வருவதற்கு முன்னால் டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் எட்டு தீபாவளி பார்த்தவள். வந்து நின்று கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஜெனி, ஒனக்கு இப்ப என்ன வேணும்? அவங்க போவணுமா, அது வந்து ஒக்காரணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

"ஒண்ணு இல்ல. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். "அது வந்து உக்காரணும்."

"அப்ப எதுக்கு வெரட்டற? தீவாளிக் கூட்டத்தை யாராவது வெளிய போன்னு சொன்னா போவுமா? அந்தப் பக்கம் புது ஸ்டாக் வந்திருக்குன்னு சொல்லணும். அந்த மைக்கைக் குடு."

மைக்கை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மெதுவாக, புடவையை விரித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள்.

"கீழேர்ந்து பாத்தா கருடனோட வாலுதாங்க தெரியும். வாலைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? மேட்டுல கண்ணாடி வெச்சிருக்கு. அதுல பாத்தா மொகமே தெரியும், கண்ணே தெரியும். வரிசையா வாங்க. பெரியவங்க முதல்ல. அதுபாட்டுக்கு ஒக்காந்திருக்கறப்பதான் மொகம் தெரியும், அதனால நடக்கறப்ப பேசாம நடங்க."

ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருநூறு பேரும் திரும்பினார்கள். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு வரிசையில் நிற்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவுன்டர் கயிற்றை அக்கா மேட்டில் கட்டி முடிப்பதற்குள் வளைந்து வளைந்து ஒழுங்கான வரிசை ஒன்று நின்றுவிட்டது. யாரோ இலவச வரிசை எது, சிறப்பு வரிசை எது என்றுகூடக் கேட்டார்கள்.

மாமா வரிசையின் முன்னால் போய் நின்றார். வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சன்னதியில் நிற்கிற மாதிரி. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். இருநூறு பேர் வாய் பொத்தி நின்ற கரையில் கொள்ளிடக் காற்று மட்டும் கேட்டது. என் மைக்கால் ஆகாதது.

டெலஸ்கோப்பில் நான் கண் வைத்தபோது கூட்டில் காகம் இருந்தது. ஒரு முட்டை அதன் அலகில் போய்க்கொண்டிருந்தது. ஆண் பறவை எங்கிருந்தோ பாய்ந்து வந்து அதைத் துரத்தியது. இரண்டு நிமிடம் கழித்துப் பெண் பறவை வந்து விளிம்பில் இறங்கி, மிச்சமிருந்த ஒரு முட்டையைப் பார்த்தது. பிறகு மார்பை இப்படியும் அப்படியும் அசைத்து அதன் மேல் உட்கார்ந்தது. நல்ல வேளை, தை மாத வெயில் அத்தனை காட்டமாக இல்லை.

அன்றைக்கு மதியம் வரை டெலஸ்கோப் பக்கத்தில் நின்று ஆளுக்கு ஐந்து விநாடி காட்டினேன். ஒரு மாமி முக்காலியில் துளசி சொருகினார். இன்னொருவர் பக்தியில் லென்ஸுக்கே குங்குமம் வைத்துவிட்டார், அதைத் துடைப்பதற்குள் பத்து பேர் கருடனைச் சிவப்பாகப் பார்த்துவிட்டுப் பரவசமாகப் போனார்கள். அம்மாவுக்கு இன்று வரை நான் ஞாயிறு பூசைக்கு வராதது குறை. பெருமாள் வாகனத்துக்குக் காவல் இருக்கிறாள் என்று பங்குச் சாமியாரிடமே முறையிட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, "எல்லாம் ஒரே ஆண்டவர் படைப்புதானம்மா, நடக்கட்டும்," என்றாராம். அம்மாவின் கட்சி அன்றோடு விழுந்தது.

ஆனால் முட்டை ஒன்றுதான். அதுவும் போனால் ராட்டினம்.

பிப்ரவரியில் குஞ்சு பொரிந்தது. கூட்டம் மேட்டோடு நின்றது, வேலியை மாமாவே ஆள் வைத்துக் கட்டினார். மார்ச்சில் குஞ்சுக்கு இறகு வந்ததும் புதுப் பிரச்சினை. செம்பருந்துக் குஞ்சு செம்பருந்து மாதிரி இருக்காது. அழுக்குப் பழுப்பு, திட்டுத் திட்டாக.

"இது கருடன் மாதிரி இல்லியே. சாதா பருந்து மாதிரின்னா இருக்கு," என்று ஒரு மாமி சந்தேகப்பட்டார்.

"ஒங்க புள்ள பொறந்தப்ப எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் கவுன்டர் அக்கா. மாமி மறுபடி டெலஸ்கோப் வரிசையில் போய் நின்றார்.

பறக்க வேண்டிய வாரம் வந்தது, குஞ்சு பறக்கவில்லை. விளிம்புக்கு வரும். இறக்கையை விரிக்கும். கீழே பார்க்கும். திரும்பி நடுக்கூட்டுக்குப் போய்விடும். நீச்சல் குளத்துப் பலகையில் ஏறிவிட்டு இறங்கி வந்தவள் நான், எனக்கு அது அக்கா தங்கை மாதிரி. தாய் மீனைக் கொண்டுவந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து காட்டும், தராது. குஞ்சு கத்தும். காலை ஆறு மணிக்கே நான்கு குழுவிலிருந்தும் எனக்குச் செய்தி வரும். "பறந்தாச்சா?" பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட என்னை இப்படி யாரும் விசாரித்ததில்லை.

கை தட்டினால் பறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மேட்டில் உட்கார்ந்துகொண்டு என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன். உங்களுக்கும் அரிக்கும். தட்டிப் பறக்கவிட்ட குஞ்சு எங்கே இறங்கும் என்பது தட்டியவர் கையில் இல்லை.

சீசன் முடிவென்று சார் கெடு வைத்த நாள், மார்ச் கடைசி ஞாயிறு. பொறுப்பாளர் சார் காலை பத்தரைக்கு வந்தார். கூடவே அளக்கும் டேப்பும் கையுமாக ராட்டினக்காரர். மேட்டில் மாமாவும் ஐம்பது பேரும் வாய் பொத்தி நின்றார்கள். அக்கா சமயபுரத்து விரதத்தில் மஞ்சள் சேலையோடு கவுன்டரில் இருந்தாள்.

பதினொன்று பத்துக்குக் காற்று ஒன்று தூக்கியது. விளிம்பில் நின்ற குஞ்சு இறக்கையை விரித்தது. அதுவாகத் தாவியதா காற்று தள்ளியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு அடி அடித்தது, சாய்ந்தது, சுழன்றது, நூறு அடி தள்ளிப் புங்க மர நிழலில் இருக்கும் டிக்கெட் கவுன்டரின் கீற்றுக் கூரையில் பொத்தென்று வந்து விழுந்தது. உள்ளே அக்கா, "அய்யோ ஆத்தா," என்றாள். பிறகு சத்தமே இல்லை.

நாங்கள் மேட்டிலிருந்து இறங்கி, கவுன்டருக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றோம்.

"எழுந்தருளிட்டார்," என்றார் மாமா, கண்ணில் தண்ணீர்.

"சார், அது விழுந்துச்சு சார்," என்றார் ராட்டினக்காரர்.

"இறக்கையை விரிச்சுண்டு வந்ததை நானே பாத்தேன்."

"விழுறப்ப நானும்தான் கையை விரிப்பேன் சாமி."

பொறுப்பாளர் சார் ஐம்பது பக்தர்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் ராட்டினத்தில் ஆசை ஒன்றும் இல்லை. "ஜெனி, நீதான் பாக்கற ஆளு. பறந்துச்சுன்னு எழுதிட்டீன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கெழமை வேற."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரே வார்த்தை. எல்லோரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையாலேயே எழுது எழுது என்றார்.

எனக்கு அந்த முதல் வருடக் காகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் ஒரு வார்த்தைதான். அது பாதி உண்மையாக இருந்ததால்தான் இன்றைக்கு இந்த மனிதர் டேப்போடு நிற்கிறார். தவிர, கூரையில் இருக்கிற குஞ்சால் மேலே எழும்ப முடியுமா என்றும் தெரியவில்லை. முடியாவிட்டால் இருட்டுவதற்குள் நாய் பார்த்துக்கொள்ளும். செத்த குஞ்சைப் பறந்த குஞ்சாக நோட்டில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

"பாதிதான் சார்," என்றேன்.

கவுன்டருக்குள்ளிருந்து அக்காவின் குரல் கிசுகிசுத்தது. "பாதின்னா என்னாடி அர்த்தம்? எழுதித் தொலையேன்."

"பாதி பறந்துச்சு, பாதி விழுந்துச்சு. அப்படித்தான் எழுதுவேன். இன்னொண்ணு சார். போன வருஷம் முட்டை போனது காக்காவால மட்டும் இல்ல. நான் கிட்டப் போய் பதினோரு போட்டோ எடுத்தேன். அது எழுந்துருச்சு. அதுக்கப்புறம்தான் காக்கா வந்துச்சு. இந்த எடத்துல ஒரு தப்பும் இல்ல சார். தப்பு பூரா எங்கிட்டதான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வருஷமா காக்காயைத் திட்டிக்கிட்டு இருந்தேனேம்மா," என்றார். "காக்கா வெரட்ட ஆள் வேணும்னு மூணு லெட்டர் எழுதினேன். போய் அந்த நோட்டை எடுத்துட்டு வா."

எடுத்துவந்தேன். எல்லோர் முன்னாலும் அந்த வரியை அடிக்கச் சொன்னார். மேலே திருத்தி எழுதினேன்: "காரணம்: ஜெனிஃபர். பிறகு, காகம்." நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டாவது டிராயரில் இருக்கிறது. மாமா என்னைப் பார்த்த பார்வை முட்டையையே இழந்த பறவையின் பார்வை.

"சாயங்காலம் கேட் மூடற வரைக்கும் டைம்," என்றார் சார், நோட்டை மூடிவைத்து. "தானா எழும்பி மரத்துக்குப் போச்சுன்னா கரை அதுக்கு. இல்லன்னா தம்பி நாளைக்கு அளந்துக்கட்டும்."

அன்றைக்கு ஆறு மணி நேரத்தில் நான் கற்றது மூன்று வருடத்தில் கற்றதைவிட அதிகம். கற்றது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருப்பது. கவுன்டர் கதவு திறந்தால் கிரீச்சிடும், அதனால் அக்காவால் வெளியே வர முடியவில்லை. கோழிக்கே பயப்படுகிறவள் தலைக்கு ஒரு முழம் மேலே கருடனை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சைகையிலேயே டிக்கெட் கொடுத்தாள். பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை, கேமரா உண்டா, எல்லாம் விரல்தான். வந்தவர்கள் அவளுக்குப் பேச்சு வராது என்று நினைத்து அவர்களும் சைகையில் பதில் சொன்னார்கள். ஒரு நாய் வந்தது. ராட்டினக்காரர்தான் தன் பிஸ்கட்டைக் காட்டி அதை ரோடு வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். ஏன் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குத் தாய் வந்து கூரையில் மீனைப் போட்டது. சற்று நேரத்தில் ஜன்னலிலிருந்து கிசுகிசுப்பு.

"ஜெனி."

"என்னக்கா?"

"கீத்து வழியா டிக்கெட் புக்குல மீன் தண்ணி சொட்டுது. நான் வெரதத்துல இருக்கேன். ஒன் பறவைகிட்டச் சொல்லு."

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா."

"எங்க தள்றது? இது என்ன கல்யாண மண்டபமா?"

நான்கரை ஆனது. மாமா கடிகாரத்தைப் பார்த்து முகம் சுருங்கினார். ஞாயிற்றுக்கிழமை நான்கரை முதல் ஆறு ராகு காலம். "இனிமே ஆறுக்கு மேலதான். அதுக்குள்ள கேட்டை மூடிடுவா," என்று, காலையில் நோட்டைத் திருத்தியதற்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார். கேட் ஐந்தரைக்கு. கூட்டம் மெதுவாகக் கலைந்தது. சார் இரண்டு தடவை மணி பார்த்தார். ராட்டினக்காரர் டேப்பை நீட்டுவதும் சுருக்குவதுமாக இருந்தார்.

தாய் மறுபடி வந்தது. காலில் பெரிய கெண்டை. கூரையில் இறங்காமல் குஞ்சின் தலைக்கு மேலே ஒரு தடவை போய்விட்டு, நேரே மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் போய் உட்கார்ந்து, மெதுவாகத் தின்ன ஆரம்பித்தது. பாதி மீன் தீர்ந்தபோது குஞ்சு கத்துவதை நிறுத்தியது. கூரையின் நுனிக்கு நடந்தது. குனிந்தது. எழுந்தது.

இந்த முறை காற்றே இல்லை. அதுவாகவே அடித்தது, தாழ்ந்து, வேலியை உரசுகிற மாதிரி போய், மேலேறி, கிளையைத் தப்பவிட்டு, அடுத்த கிளையைப் பிடித்துத் தொங்காமல் நின்றது.

நான் மணி பார்த்தேன். நான்கு ஐம்பத்திரண்டு. எழுதினேன்: "பறந்தது."

கவுன்டர் கதவு கிரீச்சென்று திறந்தது. அக்கா வெளியே வந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, "போயிருச்சா?" என்றாள். அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து உட்கார்ந்து அழுதாள். பயத்திலா, சந்தோஷத்திலா என்று கேட்டதற்கு, பசியில் என்றாள்.

நோட்டைச் சாரிடம் நீட்டினேன். பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.

"ராகு காலத்துல கையெழுத்துப் போட மாட்டேம்மா. சர்வீஸ்ல சேந்ததிலேர்ந்து போட்டதில்ல."

"சார், ராகு யாரு? பாம்பு," என்றார் மாமா. "கருடனுக்கு அவன் ஆகாரம். இன்னிக்கு அவர் பறந்ததே அவன் காலத்துலதானே. தாராளமாப் போடலாம்."

"கருடனுக்குத்தான் மாமா ஆகாரம். எனக்கு இல்ல."

ஆக, ஐந்தரைக்குக் கேட்டை மூடிவிட்டு ஐந்து பேரும் மேட்டில் உட்கார்ந்தோம். சார், மாமா, அக்கா, நான், ராட்டினக்காரர். அவரைப் போகச் சொன்னதற்கு, இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்றார். மாமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பதினோரு போட்டோ எடுத்தியே, அதுல ஒண்ணாவது நன்னா வந்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆறு மணி ஒரு நிமிடத்துக்குச் சார் கையெழுத்துப் போட்டார். அதற்குள் குஞ்சு கிளை விட்டுக் கிளை இன்னும் மூன்று தடவை பறந்துவிட்டது. மூன்றையும் எழுதினேன், மூன்றாவதில் சறுக்கியதையும் சேர்த்து.